ஹிப்னாடிசம் என் தீனி வெறியை நிறுத்துமா?

கேள்வி: பகலெல்லாம் பட்டினி கிடந்து, வீட்டார் உறங்கிய பின் முறுக்கு டப்பாவைக் காலி செய்கிறேன். மறுநாள் குற்ற உணர்ச்சியில் மீண்டும் பட்டினி. ஹிப்னாடிசம் செய்துகொண்டால் இது நிற்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: இரவில் தின்பதை மட்டுமே நீங்கள் குற்றமாகக் கருதுகிறீர்கள், ஆனால் பகல் பட்டினிதான் பசியையும் ஏக்கத்தையும் ஏற்றி, இரவில் உங்களை அந்த டப்பாவின் முன் நிறுத்துகிறது. குற்ற உணர்ச்சி மறுநாள் பட்டினியைத் தண்டனையாக விதிக்க, சுழல் மறுபடி தொடங்குகிறது. கட்டுப்பாடிழந்து உண்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. வாரம் ஒருமுறையேனும் 3 மாதங்கள் நீடிப்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. உண்டதைப் பட்டினியால் ஈடுகட்டும் வழக்கமும் சேர்ந்திருப்பதால் உங்களுடையது புலிமியா என்னும் வேறொரு உணவுக் கோளாறாகவும் இருக்கக்கூடும் என்பதால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஹிப்னாடிசம் என்பது மேடை வித்தைகளில் காட்டப்படுவதுபோல் நினைவிழக்கச் செய்வதன்று. உடல் தளர்ந்து கவனம் குவிந்த நிலையில், உண்ணத் தூண்டும் தனிமையையோ கோபத்தையோ இனங்கண்டு வேறுவிதமாக எதிர்கொள்ள அது பழக்கலாம். ஆயினும் இக்கோளாறுகளுக்கு வலுவான ஆய்வுச் சான்றுள்ள முதன்மைச் சிகிச்சை, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்னும் உளவியல் சிகிச்சையே. ஹிப்னாடிசத்தை அதற்குத் துணையாக மட்டுமே கொள்ளலாம். ஒரே அமர்வில் குணமாக்குவதாக விளம்பரம் செய்பவரிடம் (அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு) பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை, முந்தின இரவு எவ்வளவு தின்றிருந்தாலும் காலை உணவைத் தவிர்க்காதீர்கள்.