கால்மிதியைப் புரட்டிப் பாருங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

துணி துவைத்துக் கொடுக்கும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். கால்மிதி, அதாவது கால் துடைக்கும் மிதியடி பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, தேங்காய் நார் மிதியடியை வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டு அலசுகிறேன். அப்படியும் ஆறு மாதத்தில் நார் உதிர்ந்து, வாடையும் வந்துவிட்டது. எந்தச் சோப்பு நல்லது?

பதில்: சோப்பு எதுவும் வேண்டாம் தம்பி, வாராவாரம் அலசுவதை முதலில் நிறுத்துங்கள். மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் நாரையே பிரிக்கிறார்கள், அதனால் தண்ணீர் பட்டதும் நார் கெட்டுவிடாது. ஆனால் மிதியடியின் அடியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஒட்டியிருந்தால் தண்ணீர் நாரின் வேரில் போய்த் தங்கிவிடும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். உதிர்வதும் நாறுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

நார் மிதியடிக்கு உலர் சுத்தம்தான் சரி. பழைய செய்தித்தாளை விரித்து, மிதியடியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் கட்டையால் தட்டுங்கள். மாவு சலித்த மாதிரி மெல்லிய மண் கொட்டும். கொட்டுவது நிற்கும்வரை தட்டுங்கள். அப்புறம் நிமிர்த்தி, முரட்டுப் பிரஷ்ஷால் ஒரே பக்கமாக வாருங்கள். பார்வைக்கு சுத்தமாக இருக்கும் மிதியடியிலும் இந்த மண் இருக்கும். காலில் ஒட்டி உள்ளே போனால் உப்புத்தாள் போலத் தரையைத் தேய்ப்பது இதுதான். புது மிதியடியில் முதல் சில வாரம் நார் உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம்.

கேள்வி: சேறு அப்பிக்கொண்டால் உடனே கழுவிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்தில் தேய்த்தால் சேறு உள்ளே இறங்கும். நன்றாகக் காய விடுங்கள், தட்டினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

கேள்வி: துணி மிதியடியை மெஷினில் போட்டேன். அடியிலிருந்த ரப்பர் கறுப்புத் தூளாக உதிர்ந்து, மற்ற துணியிலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

பதில்: வெந்நீரில் ஓட்டினீர்களா? அல்லது உலர்த்தும் மெஷினிலும் போட்டீர்களா? இரண்டுமே ரப்பருக்கு ஆகாது, பிளீச்சிங்கும் ஆகாது. இனிமேல் முதலில் வெளியே உதறி மண்ணை எடுங்கள். மற்ற துணிகளோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில், மென்மையான சுற்றில் ஓட்டுங்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்பில் ரப்பர் வெடிக்கும், அதனால் இரண்டு கம்பிக்கு மேல் தட்டையாகப் பரப்புங்கள். வெயிலில் காயப்போட்டால் துணிப்பக்கம் மேலே இருக்கட்டும். ஏற்கெனவே தூளாகிவிட்டதை மட்டும் காப்பாற்ற வழியில்லை.

ரப்பர் இல்லாத முழுப் பருத்தி மிதியடிக்கு இந்தக் கவலை கிடையாது. சாயம் போகாததாக இருந்தால் வெந்நீரிலும் துவைக்கலாம்.

கேள்வி: துவைத்த மறுநாளே முடை நாற்றம் வருகிறது. வினிகரும் பிளீச்சிங்கும் சேர்த்து ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாதம்மா! இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். நாற்றத்துக்குக் காரணம் உள்ளே நிற்கும் ஈரம். ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை அடிப்பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். தாள் நமத்தால் மிதியடி இன்னும் காயவில்லை என்று அர்த்தம். முழுதாகக் காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் விட்டு, உதறி எடுங்கள். கருப்புப் புள்ளிகள் உள்ளேவரை போய்விட்டால் அது பூஞ்சை. அப்படிப்பட்ட மிதியடியை நான் என் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: குளியலறை வாசலில் மிதியடி வழுக்குகிறது. வீட்டில் வயதான பாட்டி இருக்கிறார்.

பதில்: எல்லாக் கேள்வியையும்விட இதுதான் எனக்கு முக்கியம். இன்றே அதைப் புரட்டிப் பாருங்கள். ரப்பரின் மேல் முடியும் தூசியும் படர்ந்திருந்தால் பிடிப்பே இருக்காது. ஈரத்துணியால் துடைத்து, காய வைத்து, தரையையும் துடைத்து உலர்த்திவிட்டுப் போடுங்கள். ஓரம் சுருண்டிருந்தால் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு இரவு கட்டி வையுங்கள். பிறகு நீங்களே ஏறி நின்று காலைத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் அடியில் வழுக்காத வலை விரிப்பு போடுங்கள், அல்லது வேறு வாங்குங்கள். பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படும் பாட்டுக்கு முன்னால் ஒரு மிதியடி பெரிதில்லை.

கேள்வி: வினைல் தரையில் மிதியடி கிடந்த இடம் மஞ்சளாகிவிட்டது. எதைப் போட்டுத் தேய்ப்பது?

பதில்: ரப்பரில் இருக்கும் ரசாயனம் வினைலுக்குள் ஊறி ஏற்பட்ட நிறமாற்றம் அது, மேலே படிந்த அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வினைல் தரைக்கு ரப்பர் அடிப்பக்கம் இல்லாத மிதியடியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பூனை அதிலேயே சிறுநீர் கழிக்கிறது. கழுவினாலும் திரும்ப அங்கேயே போகிறது.

பதில்: நமக்கு வாடை தெரியாவிட்டாலும் பூனையின் மூக்குக்கு அது இன்னும் தெரியும். உடனே பார்த்தால் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு நொதி (என்சைம்) கலந்த சுத்திகரிப்பான் ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊற விடுங்கள். அம்மோனியா உள்ளது வேண்டாம், அந்த வாடை சிறுநீர் போலவே இருப்பதால் பூனை மறுபடி வரும். அப்படியும் நிற்காமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், மிதியடியை விட்டுவிட்டுப் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.