கிளப் கிளப்பாகப் பாடித் திரியும் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) பாடகருக்கு உண்மையில் என்ன மிச்சம்?

காசைக் கேட்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. வாசல் வசூலில் ஒரு பங்கு வரும், அதையும் வாத்தியக்காரர்களோடு பிரித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது பயிற்சிதான்.

பிற்பாடு பெரும் புகழ்பெற்ற அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் ராணுவத்திலிருந்து திரும்பி, டெக்சாஸின் சான் மார்கோஸில் விவசாயம் படித்துக்கொண்டே 'ஏஸ் இன் தி ஹோல்' குழுவோடு சீதம் ஸ்ட்ரீட் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் பாட ஆரம்பித்தார். படிப்பு முடிந்த பிறகு பகலில் மாட்டுப் பண்ணை வேலை, இரவில் பாட்டு.

டெக்சாஸ் கிளப்களில் கூட்டம் வருவது ஆடுவதற்கு. ஜோடி ஜோடியாகத் தரையைச் சுற்றி வருவார்கள். டூ-ஸ்டெப் என்ற ஜோடி ஆட்டத்துக்கு ஒரு வேகம், வால்ட்ஸ் என்ற ஆட்டத்துக்கு வேறொரு தாளம். தரை காலியானால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். பாடகர் சொந்தப் பாட்டை நடுவில் செருகலாம். மற்றபடி ஊரே அறிந்த பழைய பாட்டுகள்தான். ஸ்ட்ரெய்ட்டின் பாட்டுகளில் பிற்காலத்திலும் அந்த ஆட்டத் தாளம் போகவே இல்லை.

1977-ல் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் போனார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பாட்டையே விட்டுவிட இருந்தவரை இன்னும் ஒரு வருடம் பார்க்கச் சொன்னது மனைவி நார்மா. கடைசியில் கதவைத் திறந்தவரும் கிளப்காரர்தான்: முன்பு கிளப் நடத்திய எர்வ் வூல்சி. அவர் மூலமாகத்தான் 1981-ல் எம்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது.

எல்லோருக்கும் ஒரு வூல்சி கிடைப்பதில்லை. வாரநாளில் வேலை, வெள்ளி சனியில் பாட்டு என்றே காலம் தள்ளுகிறவர்கள்தான் அங்கே அதிகம்.