ரிசப்ஷனில் ஆள் இல்லாத நேரத்தில் போன் அடித்தால்...

கேள்வி: கோவையில் மோட்டார், பம்பு விற்கும் ஒரு டீலர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 23. ரிசப்ஷன் அக்கா மதியம் சாப்பிடப் போனால், பக்கத்து மேஜை என்பதால் போனை நான்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சேல்ஸில் மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள். போன் அடித்தால் மூன்று பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவசரம் என்று ஒருவர் கெஞ்சியதால் ஓனரின் செல் நம்பரைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினேன். 'பழனிசாமி கூப்பிட்டார்' என்று சீட்டு எழுதி வைத்ததற்கு, எந்தப் பழனிசாமி என்று கேட்டு இன்னொரு திட்டு. இந்தி, இங்கிலீஷில் யாராவது பேசினால் கை நடுங்குகிறது. இது என் வேலைதானா? என்னதான் பேசுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

'இது என் வேலைதானா' என்று கேட்டிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வருகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொக்கி நிற்கிறது.

ரிசப்ஷன் அக்கா சாப்பிடப் போவது திடீரென்று நடக்கிற சம்பவம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்குவதென்றால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு உரியது. தினமும் அவர் போவார், தினமும் அந்த நேரத்தில் போன் அடிக்கும். அப்படியிருக்க, அந்த நேரத்தில் யார் எடுப்பது என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் சொல்லாமல் விட்ட இடங்களிலெல்லாம் போன் தானாகவே ஒரு பெண்ணின் மேஜைக்கு வந்து சேர்கிறது. நான் பார்த்த பல அலுவலகங்களில் இதுதான் கதை. உங்கள் இடத்தில் அது இன்னும் பொருத்தமில்லாமல் இருக்கிறது. எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும், ஸ்டாக் இருக்கிறதா, டெலிவரி எப்போது என்று கேட்டுத்தான் பெரும்பாலும் போன் வரும். அதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் அந்த மூன்று அண்ணன்கள். தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தெரியாத நீங்கள் எடுத்துத் திட்டு வாங்குகிறீர்கள். இதை ஓனரிடம் எப்படிச் சொல்வது என்று கடைசியில் எழுதுகிறேன். அதுவரை போன் அடித்துக்கொண்டுதானே இருக்கும், அதனால் எடுக்கிற விதத்தைப் பார்ப்போம்.

எடுத்ததும் 'ஹலோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எதிரில் இருப்பவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று தெரியாமல் 'யாருங்க பேசறது, யாருங்க பேசறது' என்று ஆரம்பிப்பார். வணக்கம் சொல்லி, கம்பெனி பெயரைச் சொல்லி, அடுத்த மூச்சிலேயே இதையும் சொல்லிவிடுங்கள்: "நான் கணக்குப் பிரிவுல இருந்து எடுக்கறேங்க. என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா உரிய ஆள்கிட்டச் சேர்த்துடறேன்." இந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணை. விலையும் ஸ்டாக்கும் உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அவருக்கும் புரிந்துவிடும், குரலின் வேகமும் தணியும். அக்கா எங்கே போனார் என்ற விவரம் யாருக்கும் தேவையில்லை. 'சாப்பிடப் போயிருக்காங்க', 'பாத்ரூம் போயிருக்காங்க' என்றெல்லாம் சொல்லாமல் 'இப்போ சீட்ல இல்லைங்க' என்பதோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரம் சொல்லும்போது கவனம். 'அஞ்சே நிமிஷத்துல கூப்பிடச் சொல்றேங்க' என்று வாய் தவறி வந்துவிடும். கூப்பிட வேண்டியவர் நீங்கள் இல்லையே. அக்கா இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றால் 'மூணு மணிக்குள்ள கூப்பிடுவாங்க' என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குள் போன் போனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை உங்களிடம் கோபமாகப் பேச மாட்டார்.

இப்போது அந்தப் பழனிசாமி. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு 'பழனிசாமி' என்று மட்டும் எழுதினால் எவரைத்தான் தேடுவது? பெயர் கேட்டதும் அடுத்த கேள்வி 'எந்த ஊருங்க?' என்பதுதான். அதற்கடுத்து கடையா, தோட்டமா, கம்பெனியா என்று கேளுங்கள். 'பொள்ளாச்சி பழனிசாமி, தென்னந்தோப்பு, நம்மகிட்ட வாங்கின சப்மெர்சிபிள் மோட்டார்ல தண்ணி ஏறலை' என்று எழுதிவிட்டால் அந்த ஒரு வரியே போதும், சர்வீஸ் ஆள் போனைக் கையில் எடுத்துவிடுவார். இங்கிலீஷ் இனிஷியல் காதில் சரியாக விழாது. பி-யா, டி-யா என்று சந்தேகம் வந்தால் தயங்காமல் 'பி ஃபார் பாம்பேங்களா, டி ஃபார் டெல்லிங்களா' என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நம்பரைத் திருப்பிப் படித்துக் காட்டாமல் போனை வைக்கவே வைக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணாகப் படியுங்கள். 'டபுள் த்ரீ', 'டிரிபிள் நைன்' என்று அவர் சொன்னாலும் நீங்கள் 'மூணு, மூணு' என்றே சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். 15 மோட்டார் கேட்ட இடத்துக்கு 50 என்று எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எண்ணிக்கை வந்தால் தமிழில் 'பதினஞ்சுங்களா?' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

துண்டுச்சீட்டை விட்டுவிடுங்கள், ஃபேன் காற்றில் பறந்துவிடும். போன் பக்கத்தில் ஒரு நீள நோட்டு, அதில் கயிறு கட்டிய பேனா. தேதி, நேரம், பெயரும் ஊரும், நம்பர், விஷயம், யாருக்குச் சொல்ல வேண்டும், எடுத்தது யார். விஷயம் சேர வேண்டியவருக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குக் கூப்பிடும்போது நம்பருக்கு முன்னால் 0 போட்டாக வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் இந்த விதி இருக்கிறது. உங்கள் இன்டர்காமில் வெளி லைன் பிடிப்பதற்கே 0 அழுத்த வேண்டும் என்றால், இரண்டு 0. நம்பர் தப்பு என்று நினைத்துக் கூப்பிடாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 'சார், அந்தத் திருப்பூர் ஆளு' என்று நீங்கள் கேட்பதும், 'இல்லைன்னு சொல்லும்மா' என்று உள்ளிருந்து வரும் பதிலும் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். ஹோல்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி எடுத்து, 'இருக்கீங்களா, பார்த்துட்டு இருக்கேங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓனர் உள்ளே இருக்கும்போதே 'இல்லை' என்று சொல்லச் சொன்னால், 'சார் இப்போ பேச முடியாதுங்க, விவரம் சொல்லுங்க, சொல்லிடறேன்' என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஓனர் வந்து உங்களைக் காப்பாற்றப் போவதில்லை.

செல் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தீர்கள், அது புரிகிறது. ஆனால் அவசரம் என்று சொல்பவரிடம் அவருடைய நம்பரை வாங்கி, நீங்களே உடனே ஓனரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். நிஜமாகவே அவசரம் என்றால் ஓனர் அடுத்த நிமிடமே அவரைக் கூப்பிடுவார். யாருடைய சொந்த நம்பரும், யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்பதும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 'பேங்கில் இருந்து பேசுகிறேன்', 'ஜிஎஸ்டி ஆபீஸில் இருந்து பேசுகிறேன்', 'உங்களுக்கு பைப் சப்ளை பண்ணும் கம்பெனி, எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது, இன்றைக்கே புது அக்கவுண்டில் போட்டுவிடுங்கள், உங்கள் எம்டியிடம் பேசிவிட்டோம்' என்றெல்லாம் போன் வரும். ஆள் குறைவாக இருக்கும் மதிய நேரம் இப்படிப்பட்டவர்களுக்கு வசதி. அவசரப்படுத்துவதும், பெரியவர் பெயரைச் சொல்வதும், யாரிடமும் கேட்க விடாமல் லைனிலேயே பிடித்து வைப்பதும்தான் அடையாளம். 'விவரம் எழுதிக்கிட்டேங்க, நாங்களே கூப்பிடறோம்' என்று வைத்துவிடுங்கள். பிறகு உங்களிடம் இருக்கும் பழைய பில்லில் அச்சடித்த நம்பருக்குத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர் கொடுத்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாது. ஓடிபியை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண்.

கோபமாக வரும் போன்களில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மோட்டார் காயில் கருகிப்போன விவசாயிக்குப் பயிர் கண்ணெதிரே வாடிக்கொண்டிருக்கும். அவர் சத்தம் போடுவது உங்கள் மேல் இல்லை. இடையில் பேசாமல் முழுதும் கேளுங்கள், பிறகு 'பில் நம்பர் இருக்குங்களா, வாங்கினது எப்போங்க?' என்று கேளுங்கள். எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் கதை வேறு. 'மரியாதையாப் பேசுங்க, இல்லைன்னா வெச்சிடுவேன்' என்று ஒரு முறை சொல்லுங்கள். திரும்பவும் வந்தால் வைத்துவிட்டு, நோட்டில் எழுதி, ஓனரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க உங்களுக்குச் சம்பளம் தரவில்லை.

இந்தி, இங்கிலீஷுக்காகக் கை நடுங்க வேண்டாம். இரண்டு வரியைத் தமிழில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். 'ப்ளீஸ் டெல் மீ யுவர் நேம் அண்ட் நம்பர், வீ வில் கால் யூ பேக்.' 'ஆப்கா நாம் அவுர் நம்பர் போலியே.' இதற்கு மேல் பேச வேண்டியது திருப்பி அழைப்பவரின் பாடு.

சரி, ஓனரிடம் சொல்வது. ஒரு மாதம் அந்த நோட்டை ஒழுங்காக எழுதுங்கள். மதியம் எத்தனை போன் வந்தது, அதில் எத்தனை சேல்ஸுக்கு உரியது என்பது எழுத்தில் இருக்கும். புகார் மாதிரிச் சொல்லாமல் அதைக் காட்டிப் பேசுங்கள். உங்களிடம் இருக்கும் இன்டர்காம் பெட்டியிலேயே வழி இருக்கக்கூடும்: ரிசப்ஷனில் சில ரிங்குக்குள் எடுக்காவிட்டால் அடுத்த எக்ஸ்டென்ஷனுக்குப் போகும்படி வைக்கலாம், அடிக்கும் போனை அவரவர் இடத்திலிருந்தே ஒரு கோட் நம்பரை அழுத்தி எடுக்கலாம். பெட்டி மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டால் செய்து தருவார். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "சார், அக்கா சாப்பிடப் போற நேரத்துல போனை நாலு பேரும் முறை வெச்சு எடுக்கறோம். திங்கள், செவ்வாய் நான் பார்த்துக்கறேன். மீதி நாளைக்கு அண்ணன்களை நீங்களே சொல்லிடுங்க சார்."