கண்டக்டரிடம் கேளுங்கள்: மூன்று பஸ் ஏன் சேர்ந்து வருகிறது?

கேள்வி: அரை மணி நேரம் நின்றாலும் வண்டி வருவதில்லை. அப்புறம் ஒரே நம்பரில் மூன்று வண்டி ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிறது. டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லையம்மா. எந்த டிரைவரும் இதை விரும்புவதில்லை. முன்னால் போகிறவருக்குத்தான் அன்றைக்கு உயிர் போகும்.

ஒரு கணக்குப் பாருங்கள். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஸ்டாப்புக்கு நிமிடத்துக்கு 5 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன் வண்டி கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி 2 நிமிடம் தாமதம். 50 பேர் நிற்க வேண்டிய இடத்தில் 60 பேர். ஒருவர் ஏற 3 விநாடி என்றால் அங்கேயே இன்னொரு அரை நிமிடம் போச்சு. பின் வண்டி சரியான நேரத்துக்கு வந்தாலும் அதற்குக் கிடைப்பது 8 நிமிடக் கூட்டம், 40 பேர்தான். அதற்கு அரை நிமிடம் மிச்சம். ஆக, ஒரே ஸ்டாப்பில் இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி காணாமல் போகிறது. அடுத்த ஸ்டாப்பில் இன்னும் அதிகமாகக் குறையும். நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1964-லேயே இதைக் கணக்காகப் போட்டு எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரிலும் இது நடக்கும்.

இனி நம் பங்கு. நான் பை மாட்டியிருந்த காலத்தில் கல்மண்டபத்தில் தினமும் பார்த்த காட்சி இது: படிக்கட்டில் கொத்தாகத் தொங்குவார்கள், உள்ளே நடுவில் ஆறேழு பேர் நிற்க இடம் இருக்கும். அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று எல்லோரும் வாசலை விட்டு நகர மாட்டார்கள். "உள்ளே போங்க சார், நடுவுல இடம் இருக்கு" என்று கத்தியே தொண்டை கட்டும். கீழே நிற்பவர் ஏற முடியாமல், மேலே நிற்பவர் இறங்க முடியாமல், வண்டி நகராது. நான் விசில் அடிக்க ஒருவர் ஓடி வந்து கம்பியைப் பிடிப்பார். மறுபடி நிறுத்த வேண்டும். டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டுவதும் இதே கதைதான்.

ஆனால் காசிமேட்டில் கூடையோடு ஏறும் அம்மாவுக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் கைத்தாங்கலாக ஏறும் பெரியவருக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். வாசலை மறிக்கும் திடகாத்திரமானவர்களைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: "பின்னாடி வண்டி காலியா வருது" என்று கண்டக்டர் சொல்வதை நம்பலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: நீங்கள் ஏன் நம்புவதில்லை என்று எனக்குத் தெரியும். முன் வண்டியை விட்டுவிட்டு நிற்பீர்கள். பின் வண்டியில் இறங்க ஆள் இருக்காது. முன் வண்டி ஸ்டாப்பை அடைத்து நிற்பதால் அது வலது பக்கமாக ஒதுங்கி நேரே போய்விடும். ஒருமுறை இப்படி ஏமாந்தவர் அடுத்த முறை படிக்கட்டில்தான் தொங்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் டிரைவர் தம்பிகளுக்கு முதலில் சொல்கிறேன்: காலி வண்டி முந்திப் போவது நல்லதுதான், அடுத்த ஸ்டாப் கூட்டத்தை அது ஏற்றிக்கொள்ளும். ஆனால் இந்த ஸ்டாப்பில் கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாசகருக்கு: பின் வண்டி கண்ணுக்குத் தெரிந்தால் முன் வண்டியை விடுங்கள். சாலை நடுவில் இறங்காமல், ஸ்டாப்பின் பின்பக்கம் நின்று கை காட்டுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு இலவசம் வந்த பிறகுதான் இந்தத் தாமதமெல்லாம் என்கிறார்களே?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்தது. மூன்று வண்டி சேர்ந்து வருவதை நான் அதற்குப் பல வருடம் முன்பே பார்த்தவன். கூட்டம் கூடினால் வண்டியைக் கூட்ட வேண்டும். அதற்காகப் பெண்களை முறைப்பது நியாயமில்லை. நீங்கள் தைரியமாக ஏறுங்கள், ஏறியதும் நடுவுக்குப் போய்விடுங்கள்.