கப்புச்சின் நிலவறை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

2011-இல் வியன்னாவில் நடந்த, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடைசிப் பட்டத்து இளவரசர் ஓட்டோ வான் ஹாப்ஸ்பர்க்கின் அடக்கச் சடங்கைக் காணொளியில் பார்த்தேன். வெளியே நிற்பவர் கதவைத் தட்டிப் பட்டங்களை அடுக்க, உள்ளிருக்கும் துறவி ‘அவரை நாங்கள் அறியோம்’ என்கிறார். ‘சாகப்பிறந்த பாவி ஒருவன்’ என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கிறது. கண் கலங்கிவிட்டது. ஒரு பேரரச குலம் கப்புச்சின் என்னும் ஏழைத் துறவிகளின் தேவாலயத்துக்கு அடியில் துயில விரும்பியது பணிவினால்தானே?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர,

அந்தச் சடங்கு யாரையும் கலங்கச் செய்வதுதான். ஆனால் 1916-இல் பேரரசர் பிரான்ஸ் யோசப்பை அடக்கம் செய்தபோது இதே வடிவில் அது நடந்ததா என்பதையே வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். 1989-இல் ஓட்டோவின் தாயும் கடைசிப் பேரரசியுமான சீட்டாவுக்கு நடந்தது. அப்போது முடியாட்சி ஒழிந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இழந்துவிட்ட பட்டங்களைத் துறப்பது எளிது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பேரரசர் மத்தியாசின் மனைவி அன்னா, 1618-இல் மறைவதற்கு முன், தமக்கும் கணவருக்கும் மட்டுமாகவே ஓர் அடக்க இடத்தைக் கப்புச்சின் துறவிகளிடம் அமைக்க உயில் எழுதினார். இருவரின் உடல்களும் 1633-இல் அங்கே கொண்டுவரப்பட்டன. அந்தச் சிறிய அறை தலைமுறைதோறும் நீண்டு, இன்று ஏறத்தாழ 150 பேர் துயிலும் நிலவறையாகிவிட்டது.

உள்ளே இருப்பவற்றைப் பார்த்தால் பணிவு என்ற சொல் சற்றுத் தடுமாறும். பேரரசர் ஆறாம் கார்லின் பேழையில் மண்டையோடு ஒன்று பேரரசின் மணிமுடியைச் சூடியிருக்கிறது. சாவின் முன் மணிமுடி ஒன்றுமில்லை என்றும், செத்தாலும் மணிமுடி என்னுடையது என்றும் அதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அவர் மகள் மரியா தெரேசாவும் கணவரும் உயிரோடிருந்தபோதே, 1754-இல், சிற்பி பல்தசார் மோல் செய்த பெரும்பேழையின் மூடியில் இருவரும் தீர்ப்புநாளின் எக்காளம் கேட்டுத் துயிலெழுந்தவர்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். அதன் முன்னே, அலங்காரம் ஏதுமற்ற ஒரு செப்புப் பெட்டி. அது அவர்கள் மகன் பேரரசர் இரண்டாம் யோசப்புடையது. பிணத்தைக் குழியில் இறக்கிவிட்டு மறுபடி பயன்படுத்தும்படி அடிப்பக்கம் திறக்கும் சவப்பெட்டியை 1784-இல் குடிமக்களுக்கு விதித்து, எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றவர் அவர். ஊருக்குச் சொன்ன எளிமையில் பாதியையாவது தானும் கடைப்பிடித்தார். மரியா தெரேசாவின் வளர்ப்புத் தாயாக இருந்த சீமாட்டி கரோலினா ஃபுக்ஸ், அரச குடும்பத்தில் பிறக்காமலும் மணந்து நுழையாமலும் அங்கே இடம்பெற்ற ஒரே மனிதர். உங்கள் கேள்விக்கு நான் காட்டக்கூடிய சான்றுகள் யோசப்பு, ஃபுக்ஸ் இருவரின் பெட்டிகள்தாம்.

மற்றபடி, உடலை இங்கும் இதயத்தை அகுஸ்தீனார் தேவாலயத்திலும் குடலைப் புனித ஸ்தேவான் பேராலயத்திலுமாகப் பலருக்கும் பங்கிட்டு வைத்த குலம் அது. நீங்கள் காணொளியில் பார்த்த பேழையிலும் ஓட்டோவின் இதயம் இல்லை. மறுநாள் அது ஹங்கேரியின் பன்னோன்ஹால்மா மடத்தில் தனியே அடக்கம் செய்யப்பட்டது.