கணினிக் கேள்வி பதில்: வலது கிளிக் மெனுவைத் தேவைக்கேற்ப அமைப்பது எப்படி?

கேள்வி: எந்தக் கோப்பின் மீது வலது கிளிக் செய்தாலும் மெனு தோன்றுவதற்குச் சில நொடிகள் ஆகின்றன. எப்போதோ நிறுவி மறந்துபோன மென்பொருள்களின் பெயர்களும் அதில் வரிசையாக நிற்கின்றன. இவற்றை எப்படி நீக்குவது?

பதில்: நீக்கத் தொடங்குவதற்கு முன், அந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் வலது கிளிக் மெனுவில் இரண்டு வகை வரிகள் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வேலை செய்யும் முறை முற்றிலும் வேறு. முதல் வகை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கப்பட்ட வெறும் கட்டளை. நீங்கள் அந்த வரியைக் கிளிக் செய்யும்வரை எந்த நிரலும் இயங்காது என்பதால், இவ்வகை வரிகளால் தாமதம் நேர்வது அரிது. இரண்டாவது வகை, ஷெல் எக்ஸ்டென்ஷன் எனப்படும், வேறொரு நிரலுக்குள் ஏற்றப்பட்டு இயங்கும் டிஎல்எல் நிரல். மெனுவைத் திறக்கும்போது விண்டோஸ் இந்த நிரல்களை, கோப்புகளையும் டெஸ்க்டாப்பையும் காட்டும் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஏற்றி, இந்தக் கோப்புக்கு உரிய வரி ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றிடமும் கேட்கிறது. அவற்றுள் ஒன்று, இணைப்பு அறுந்த நெட்வொர்க் டிரைவைத் தேடிக்கொண்டு பதில் சொல்லத் தாமதித்தால் மொத்த மெனுவும் அதற்காகக் காத்திருக்கும். அந்த நிரல் பழுதாகி நின்றுபோனால் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து மூடிக்கொள்ளும். டெஸ்க்டாப் ஒரு கணம் வெறுமையாகி மீண்டும் தோன்றுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். நிர்சாஃப்ட் தளம் இலவசமாக வழங்கும் ஷெல்எக்ஸ்வியூ என்ற சிறு மென்பொருள் இதற்கு மிகவும் ஏற்றது. 64 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதன் 64 பிட் பதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் மெனு தொடர்பானவற்றை மட்டும் வடிகட்டி, மைக்ரோசாஃப்டின் சொந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துவிட்டால், பிற நிறுவனங்கள் சேர்த்தவை மட்டும் எஞ்சும். அவற்றில் பாதியைத் தேர்ந்தெடுத்து எஃப்7 விசையால் முடக்குங்கள். எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்து மெனுவைத் திறந்து பாருங்கள். தாமதம் நீங்கியிருந்தால் காரணம் முடக்கிய பாதியில் இருக்கிறது, நீங்காவிட்டால் மறுபாதியில் இருக்கிறது. இப்படிப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் முப்பது எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும் ஐந்தே சோதனைகளில் காரணமான ஒன்றைப் பிடித்துவிடலாம். முடக்கியதை எஃப்8 விசையால் மீட்க முடியும். எதையும் அழிக்க வேண்டாம், முடக்கினாலே போதும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஒரு வரிக்குச் சொந்தமான மென்பொருளே உங்களுக்குத் தேவையில்லை என்றால், வரியோடு போராடாமல் அந்த மென்பொருளையே முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால், நான் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளைத் திறக்கும் வரி ஒன்று இருக்க வேண்டும். நானே சேர்க்க முடியுமா?

பதில்: முடியும், அதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், கிளாசஸ், டைரக்டரி, பேக்ரவுண்ட், ஷெல் என்று வரிசையாக இறங்குங்கள் (HKEY_CURRENT_USER\Software\Classes\Directory\Background\shell). வழியில் இல்லாத கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போன்ற பிரிவு) எதுவோ அதை உருவாக்கிக்கொள்ளலாம். ஷெல் என்பதன் கீழ் நீங்கள் விரும்பும் பெயரில் ஒரு கீயை உருவாக்கி, மெனுவில் தெரிய வேண்டிய சொற்களை அதன் டிஃபால்ட் மதிப்பாக எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். அதற்குள் கமாண்ட் (command) என்ற கீயை உருவாக்கி, மென்பொருளின் முழுப் பாதையை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் டிஃபால்ட் மதிப்பாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த வரி டெஸ்க்டாப்பில் மட்டுமின்றி ஃபோல்டர்களின் வெற்றிடத்திலும் தோன்றும். வேண்டாமென்று தோன்றும் நாளில் நீங்கள் உருவாக்கிய அந்த ஒரு கீயை நீக்கிவிடலாம்.

பல வழிகாட்டிகள் இதே வேலையைக் கிளாசஸ் ரூட் (HKEY_CLASSES_ROOT) கிளையில் செய்யச் சொல்கின்றன. அந்தக் கிளை, கணினி முழுமைக்குமான அமைப்புகளையும் உங்களுடைய தனி அமைப்புகளையும் இணைத்துக் காட்டும் தோற்றம் மட்டுமே. அங்கே புதிதாக உருவாக்கும் கீ பெரும்பாலும் கணினி முழுமைக்குமான பகுதியில்தான் பதிவாகும். அதற்கு நிர்வாகி அனுமதியும் வேண்டும். ஒருவருக்கு மட்டும் தேவைப்படும் வரியை ஒருவரின் கணக்கிலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பானது. எதைத் தொடுவதற்கு முன்பும், அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் வரி என்றால், அதன் கீயில் எக்ஸ்டெண்டட் (Extended) என்ற பெயரில் வெறுமையான ஸ்ட்ரிங் மதிப்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது கிளிக் செய்தால் மட்டுமே அது தென்படும். மெனுவைச் சிறிதாக வைத்திருக்க இதைவிட நல்ல வசதி விண்டோஸில் இல்லை என்பது என் கருத்து. இதைப் பயன்படுத்துவோர் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால், திறப்பதற்கான வரி மறைந்துவிடுகிறது. இது வைரஸின் வேலையா?

பதில்: இல்லை. பதினைந்துக்கு மேற்பட்ட கோப்புகளைத் தேர்ந்தெடுத்தால், நூற்றுக்கணக்கான கோப்புகள் தவறுதலாக ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, விண்டோஸே சில வரிகளை மறைத்துவிடுகிறது. இந்த வரம்பை ரெஜிஸ்ட்ரியில் உயர்த்த இயலும் என்றாலும், பதினைந்து பதினைந்தாகத் திறப்பதே நல்லது.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு, நான் சேர்த்த வரிகளைக் காணவில்லை.

பதில்: அவை அழியவில்லை. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, சுருக்கமான புதிய மெனுவை முன்னால் வைத்து, பழைய மெனுவை 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்ற பொருள்படும் கடைசி வரிக்குப் பின்னால் தள்ளிவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதும் வரிகள் அந்தப் பழைய மெனுவில்தான் சேரும். ஷிஃப்ட் விசையுடன் வலது கிளிக் செய்தால் பழைய மெனு நேரடியாகத் திறக்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். புதிய மெனுவைக் குறை கூறுவோர் பலர். ஆயினும், எல்லா மென்பொருள்களும் தடையின்றி வரி சேர்த்துக்கொண்டே போனதன் விளைவுதான் முதல் கேள்வியில் கண்ட தாமதம் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: லினக்ஸிலும் மேக்கிலும் இதைச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, விண்டோஸைவிட எளிதாகவே உண்டு. லினக்ஸில், க்னோம் டெஸ்க்டாப்பின் நாட்டிலஸ் கோப்பு மேலாளருக்கு உரிய ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில், இயக்க அனுமதி தரப்பட்ட ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்தாலே மெனுவில் அதன் பெயர் வந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇ என்ற மற்றொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவோர் அதன் துனார் கோப்பு மேலாளரில் படிவம் ஒன்றை நிரப்பியே புதிய வரியைச் சேர்க்கலாம். எந்த வகைக் கோப்புகளுக்கு அது தோன்ற வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். மேக்கில், வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஆட்டோமேட்டர் மூலம் குயிக் ஆக்ஷன் ஒன்றை உருவாக்கிச் சேமித்தால், அது கோப்பு மேலாளரான ஃபைண்டரின் வலது கிளிக் மெனுவில் இடம்பெறும்.