அட்டைப் பெட்டியும் ஆறு வயதுப் பிள்ளையும்

முழுஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற பரபரப்பு இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து மதுரைக்கு வீடு மாற்ற 14,000 ரூபாய் என்று பேசினார்கள். சாமானை ஏற்றிய பிறகு, பரமக்குடியில் லாரியை ஓரம்கட்டி, இன்னும் 9,000 ரூபாய் கொடுத்தால்தான் வண்டி நகரும் என்றார்கள். குழந்தைகள் பசியோடு இருந்ததால் கொடுத்துவிட்டேன். தையல் இயந்திரமும் உடைந்துவிட்டது. கையில் இருப்பது வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே. — வாசகி, மதுரை

பதில்: கொடுத்தது தவறோ என்று மருகாதீர்கள். நடுவழியில் சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டால் யாராக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள், விலை பேசியதற்கு அவைதான் சாட்சி. பணம் அனுப்பிய விவரத்தையும் உடைந்த இயந்திரத்தின் படங்களையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்டு, சாமானை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரிக்காரருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம், இதற்காகக் கீழக்கரைக்கு அலைய வேண்டாம். வழக்கறிஞரும் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, ஆனால் ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் பார்த்த சாமான் ஏற்றும் நிறுவனம் மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்கிறது. முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பலாமா? — வாசகர், தொண்டி

பதில்: பதிலையும் நீங்களே எழுதிவிட்டு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? அனுப்பாதீர்கள்.

கேள்வி: ராமநாதபுரத்தில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. 60,000 ரூபாய் முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீதும் இல்லை. — வாசகர், உச்சிப்புளி

பதில்: மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் காசு கொடுப்பீர்களா? 60,000 ரூபாய்க்கு மட்டும் ஒரு துண்டுத் தாள் கேட்கக் கூச்சமாக இருந்ததா? 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சட்டம் உங்கள் பக்கம்தான், சாட்சிதான் இல்லை. எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு பாக்கி என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ‘வெள்ளையடிக்கப் பிடித்தேன்’ என்று அவர் பதில் எழுதினால், முன்பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டதாகும்.

கேள்வி: திருச்சியிலிருந்து மண்டபத்துக்கு மாற்றல். ஆறு வயது மகள் வரமாட்டேன் என்று அழுகிறாள். அவளுடைய பழைய கட்டில், பொம்மைகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, புது வீட்டில் கட்டில், மேசை, அலமாரி அடங்கிய 38,000 ரூபாய்த் தொகுப்பை வாங்கி வைத்து அவளை அசத்தலாம் என்று நினைக்கிறோம். எதை வாங்கலாம்? — ஒரு தாய், திருச்சி

பதில்: எதையும் வாங்காதீர்கள். இது என் பழைய புண், சற்று நீட்டித்தான் சொல்வேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பாம்பனுக்குக் குடிபோனபோது, மகனைச் சமாதானப்படுத்தக் கார் வடிவக் கட்டில் ஒன்று வாங்கினேன். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அது. கடைக்காரர் ‘மரம்’ என்றார், நானும் தட்டிப் பார்க்காமல் தலையாட்டினேன். ஐப்பசி மழையில் அடிப்பலகை பணியாரம் போல உப்பியது. திருகாணிகளை உப்புக் காற்று தின்றுவிட்டது. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உங்கள் 38,000 ரூபாய்க்கு அங்கே எத்தனை மழைக்காலம் ஆயுள் என்று நினைக்கிறீர்கள்?

கட்டில் போனதுகூடப் பெரிதில்லை. மகன் அதில் ஒருநாளும் நிம்மதியாகப் படுக்கவில்லை. கிழிந்த பச்சைப் போர்வை ஒன்றைக் கேட்டுக் கேட்டு அழுதான். கிளம்புவதற்கு முதல் வாரம்தான் அதைப் பழைய துணிக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தேன். குடம் இன்னும் இருக்கிறது.

வீடு, தெரு, பள்ளி, தோழிகள் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும்போது, பிள்ளைக்குப் பழக்கமான நான்கு பொருள்களாவது கூட வர வேண்டும். நீங்களோ அவற்றையும் பிடுங்கிவிட்டுப் பரிசு தருகிறீர்கள்! ஒரு பெட்டியை மகளிடமே கொடுங்கள், அவளே அடுக்கட்டும், அவள் பெயரையும் எழுதட்டும். அது லாரியில் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். பெட்டிக்குள் போன பொம்மை திரும்பி வருமோ வராதோ என்று சின்னக் குழந்தைகள் பயப்படலாம், அதனால் அவள் கண் முன்னே கட்டுங்கள். அடுக்களைக்கு முன்பாக அவள் படுக்கையை விரியுங்கள். சாப்பாடும் தூக்கமும் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். பள்ளி திறக்கும் முன் ஒருமுறை வகுப்பறையைக் காட்டிவிட்டு, பாம்பன் பாலத்துக்கும் அழைத்துப் போங்கள். திருச்சித் தோழிகளிடம் முறையாக விடைபெறாமல் அவளைக் கிளப்ப வேண்டாம். சில வாரங்கள் அழுவாள், அழட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று தொடர்ந்தால், முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள், பிறகு மருத்துவரிடம்.

கேள்வி: ஏழாம் வகுப்பு மகனை அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றுகிறோம். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்கிறது பழைய பள்ளி. — வாசகர், தேவிபட்டினம்

பதில்: படிக்காத ஆண்டுக்குக் கட்டணமா? கட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் நேராக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: லாரியில் இடமில்லாமல் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். இறக்கியதும் சுவிட்சைப் போடலாமா? — வாசகி, சாயல்குடி

பதில்: வேண்டாம். படுத்துவந்த நேரம் அளவுக்காவது நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் இறங்க வேண்டும். அதுவரை மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள், அறிமுகமும் ஆகிவிடும்.